குதிரைவாலிச் சோறு: நம் காட்டில் விளைவது நம் அடுப்பிலும் ஏறட்டும்



நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்து மானாவாரிக் காடுகளில் இன்றும் குதிரைவாலி விளைகிறது. ஐப்பசி மழையை நம்பி விதைத்தால் சுமார் 90 நாளில் கதிர் கைக்கு வந்துவிடும். ஆனால் அதைச் சோறாக்கத் தெரிந்த வீடுகள் நம் மஹல்லாவில் குறைவு. காட்டில் விளைந்ததை மூட்டையாக வியாபாரிக்குப் போட்டுவிட்டு, அதுவே பாக்கெட்டில் திரும்பி வரும்போது புதுப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறோம்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. குதிரைவாலியையும் வரகையும் உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களின் முதுகை ஒடித்த வேலை. 2008-ல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது; 2011-லிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. பசித்த வீடுகளுக்கு அது பெரிய உதவி. உலக்கையும் மூலைக்குப் போனது. இப்போது உமி நீக்க இயந்திரம் வந்துவிட்டது. ஐ.நா. சபையும் 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. பழையபடி சமைக்கும் கைப்பக்குவம்தான் நம்மிடம் இல்லை.

ஏன் திரும்ப வேண்டும்?

மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியும் என்றாகிவிட்ட வீடுகளில் சர்க்கரை நோய் சர்வ சாதாரணமாகிவிட்டது. சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம். மெல்ல ஜீரணமாகும், பசியும் தாங்கும். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் வாற்கோதுமை மாவைச் சலிக்காமல், உமியை ஊதிவிட்டு ரொட்டி சுட்டதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். தவிடு போகாத உணவு நமக்குப் புதிதல்ல.

நாங்கள் செய்த தவறு

முதல் முறை குதிரைவாலியை அரிசிபோலவே நினைத்து, தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, அடிக்கடி கிளறினோம். பசைபோல் ஆகிவிட்டது, பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள். அடுத்த முறை ஊறவைக்காமல் போட்டோம். பல்லில் கல் கடித்தது. அதில் கற்றதைச் சொல்கிறோம்.

1. நிறம் பாருங்கள். பளிச்சென்று வெளுத்திருந்தால் தவிடு முழுவதும் தீட்டப்பட்டிருக்கும். சற்று மங்கலாக இருப்பதை வாங்குங்கள்.
2. மணிகள் மிகச் சிறியவை என்பதால் கல் தெரியாது. இரண்டு மூன்று முறை தண்ணீரில் அரித்தெடுங்கள்.
3. அரை மணி நேரம் ஊறட்டும். பிறகு தண்ணீரை வடித்துவிடுங்கள்.
4. ஒரு பங்கு குதிரைவாலிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். தண்ணீர் கொதித்த பின் போட்டு, தீயைக் குறைத்து மூடுங்கள். கால் மணி நேரம் போதும். குக்கரில் இரண்டு பங்கு தண்ணீர், இரண்டு விசில்.
5. இறக்கிப் பத்து நிமிடம் மூடியே வையுங்கள். நடுவில் கிளற வேண்டாம்.
6. சூடாகப் பரிமாறுங்கள். ஆறினால் விறைத்துவிடும்.

சாமைக்கும் இதே அளவு. வரகுக்கும் தினைக்கும் கொஞ்சம் கூடுதல் தண்ணீர் வேண்டும்.

பிள்ளைகள் சாப்பிட

முதல் நாளே முழுக்கக் குதிரைவாலிச் சோறு வைக்காதீர்கள். இட்லி மாவில் தொடங்குங்கள்: இரண்டு பங்கு இட்லி அரிசி, இரண்டு பங்கு குதிரைவாலி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். வித்தியாசமே தெரியாது. அடுத்து கறி ஆனத்தோடு சாமைச் சோறு. வெள்ளிக்கிழமை ஒருநாள் வரகில் பிரியாணி போட்டுப் பாருங்கள். மசாலா, கறி எல்லாம் வழக்கம்போல். ஊறிய வரகைக் கடைசியில் சேர்த்துத் தம்மில் விடுங்கள்.

நோன்புக் கஞ்சிக்குக் குதிரைவாலி நன்றாகப் பொருந்துகிறது. ஒரு டம்ளர் குதிரைவாலி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஒரு ஸ்பூன் வெந்தயம், எட்டு டம்ளர் தண்ணீர். இஞ்சி பூண்டு, வெங்காயம், தக்காளி, கொத்துக்கறி வதக்கிச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, இறக்கும்போது தேங்காய்ப்பால், மல்லி, புதினா. சீக்கிரம் வெந்துவிடும். இனி வரும் சில ஆண்டுகளுக்கு நோன்பு தை, மாசியை ஒட்டியே வருகிறது. புதுத் தானியம் காட்டிலிருந்து வீடு வரும் காலமும் அதுதான்.

செலவுக்கு என்ன செய்வது?

ரேஷன் அரிசி இலவசம், குதிரைவாலிக்குக் காசு வேண்டும். அதனால் எல்லா வேளையும் மாற்றச் சொல்லவில்லை. ஐந்து பேர் உள்ள வீட்டில் வாரம் மூன்று வேளை, ஒரு வேளைக்கு 200 கிராம் சிறுதானியமும் மீதி அரிசியும் என்று வைத்தால், மாதம் இரண்டரைக் கிலோ போதும். நாலைந்து வீடுகள் சேர்ந்து தெரிந்த விவசாயியிடம் மூட்டையாக வாங்கி, அரைத்துப் பங்கிட்டுக்கொண்டால் பாக்கெட் விலை மிச்சம். அவருக்கும் நல்ல விலை கிடைக்கும்.

மறக்கக் கூடாதவை

சிறுதானியம் உணவுதான், மருந்து அல்ல. "குதிரைவாலி சாப்பிடுகிறேன்" என்று சர்க்கரை மாத்திரையையோ ஊசியையோ நிறுத்திவிடாதீர்கள். அளவில்லாமல் சாப்பிட்டால் இதிலும் சர்க்கரை ஏறும். குழையக் காய்ச்சிய கஞ்சியில் இன்னும் வேகமாக ஏறும். நோன்பு நோற்க நினைக்கும் சர்க்கரை நோயாளிகள், மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தைராய்டு தொந்தரவு உள்ளவர்கள் கம்பை அன்றாடம் சேர்க்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். கம்பு மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.

உங்கள் வீட்டில் வயதான நன்னிமார் இருந்தால், குதிரைவாலிச் சோறு எப்படி ஆக்குவார்கள் என்று இன்றே கேளுங்கள். நாங்கள் தடுமாறிக் கற்றதெல்லாம் அவர்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, நம் பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் ஒருமுறையாவது உடன் நின்று ஆக்கிப் பார்க்கட்டும், இன்ஷா அல்லாஹ்.