கையெழுத்தும் கடிதமும்

பள்ளி இறுதி வகுப்பு முடியும் நாள்களில் மாணவ மாணவியர் கையில் வண்ணத் தாள்கள் கொண்ட சிறு புத்தகம் ஒன்றைக் காண்கிறோம். ஆசிரியரிடமும் தோழரிடமும் அதை நீட்டி, "ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள்" என்று வேண்டுகின்றனர். ஊருக்குப் பெரியவர் எவரேனும் வந்துவிட்டால் அதே புத்தகம் அவர் முன்னும் நீளும். தபால் தலை சேர்ப்போரும் பழைய நாணயம் சேர்ப்போரும் இருப்பது போலவே, அறிவியல் மேதைகளின் கையொப்பங்களையும் கடிதங்களையும் தேடித் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உள்ளனர். இப்பொழுதுபோக்கால் விளையும் பயன் யாது, நம் தருமபுரி மாவட்டத்துப் பங்குக் குடும்பங்களுக்கும் இதற்கும் தொடர்பு ஏது என்பதை இத்திங்கள் சற்று ஆராய்வோம்.

முதலில் இதன் பண மதிப்பைப் பார்ப்போம். 1922-ஆம் ஆண்டு ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் ஒரு விடுதியில் தங்கியிருந்த ஐன்ஸ்டைன், தமக்குச் செய்தி கொண்டுவந்த பணியாளருக்கு அன்பளிப்புக் காசுக்குப் பதிலாக, விடுதித் தாளில் சில சொற்களை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அமைதியான எளிய வாழ்வே பெருமகிழ்ச்சி தரும் என்பது அதன் கருத்து. 2017-ஆம் ஆண்டு எருசலேம் நகரில் அத்தாள் ஏலத்திற்கு வந்தபோது 15 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. எளிய வாழ்வைப் போற்றிய வாசகத்தைச் செல்வர்கள் போட்டியிட்டு வாங்கினர் என்பது எண்ணிப் பார்த்துப் புன்னகை செய்யத்தக்கது!

ஆயினும் விலையைக் கொண்டு மட்டும் ஒரு தாளை எடைபோடலாகாது. வெறும் கையொப்பம் ஒன்று, கடிதம் வேறொன்று. இவ்வேறுபாட்டை ஒரே மனிதரின் வாழ்விலிருந்து விளக்கலாம்.

உயிரணுக்களில் மரபுப் பண்புகளைத் தாங்கி நிற்கும் டி.என்.ஏ. என்னும் பொருளின் அமைப்பைக் கண்டறிந்த இருவருள் ஒருவர் பிரான்சிஸ் கிரிக். புகழ் பெற்றபின் இவருக்குக் கடிதங்கள் குவிந்தன. அனைத்திற்கும் விடை எழுத நேரமின்றி, ஓர் அட்டையை அச்சிட்டு வைத்துக்கொண்டார். தம்மால் இயலாதவை எவை என்று அதில் ஒரு பட்டியலே இருந்தது. கையொப்பம் அனுப்புவது, புகைப்படம் தருவது, நோயைக் குணமாக்குவது என அது நீளும். வேண்டுகோளுக்கு ஏற்ற வரியில் ஒரு குறியிட்டு அனுப்பிவிடுவார்.

இதே கிரிக், தமது கண்டுபிடிப்பு 'நேச்சர்' இதழில் 1953 ஏப்ரல் 25-இல் வெளிவருவதற்கு முன்பே, மார்ச் 19-ஆம் நாள், விடுதிப் பள்ளியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த தம் பன்னிரண்டு வயது மகன் மைக்கேலுக்கு ஏழு பக்கக் கடிதம் ஒன்று எழுதினார். உலகம் அறியாத அந்த இரகசியத்தைச் சிறுவனுக்குப் புரியும் நடையில், படம் வரைந்து விளக்கினார். மகனும் அதைக் கிழித்தெறியாமல் காத்துவைத்தார். அறுபது ஆண்டுகள் கழித்து, 2013-இல், அது ஏறத்தாழ 60 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. விடுதியில் படிக்கும் பிள்ளைக்குத் தகப்பன் எழுதிய கடிதம் அன்றோ அது! கையொப்பம் கேட்டோருக்கு அச்சிட்ட அட்டை கிடைத்தது. அன்பு மகனுக்கோ ஒரு மேதையின் மனமே கிடைத்தது.

இனி நம் தமிழகத்திற்கு வருவோம். சென்னைத் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தவர் இராமானுஜன். 1913 சனவரி 16-ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். பட்டமில்லை, பரிந்துரைக்க ஆளில்லை. கடிதத்தோடு தாம் கண்ட கணித முடிவுகளைப் பக்கம் பக்கமாக எழுதி இணைத்திருந்தார். அதற்கு முன் வேறு இரு பேராசிரியர்களுக்கு எழுதியும் பயன் விளையவில்லை. ஹார்டி மட்டும் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அத்தாள்களை ஆராய்ந்து, எழுதியவர் மாமேதை என்று உணர்ந்தார். அந்த ஒரு கடிதமே இராமானுஜனைக் கடல் கடக்கச் செய்தது.

1920-இல் இராமானுஜன் தம் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். இறுதி ஆண்டில் நோய்ப்படுக்கையில் எழுதிய கணிதத் தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியாக ஹார்டியை அடைந்தன. அவரிடமிருந்து வாட்சன் என்னும் கணிதப் பேராசிரியர் கைக்குச் சென்றன. 1965-இல் வாட்சன் காலமானார். அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதும் பொறுப்பேற்றிருந்த விட்டேக்கர் என்னும் அறிஞர், அவர்தம் துணைவியாரைக் காணச் சென்றபோது, படிப்பறைத் தரையில் ஓரடி உயரத்திற்குக் காகிதங்கள் குவிந்து கிடந்தன. இன்னும் சில நாள்களில் அவை யாவும் தீயிடப்பட இருந்தன! அக்குவியலில் கைவிட்டு எடுத்தபோது இராமானுஜனின் தாள்கள் அகப்பட்டன. 1968-இல் அவை கேம்பிரிட்ஜ் திரித்துவக் கல்லூரி நூலகத்தைச் சேர்ந்தன. 1976-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அங்கே அவற்றைக் கண்டெடுத்து, அவை எத்தகைய புதையல் என்பதை உலகிற்கு அறிவித்தார். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் அறுநூறளவு சூத்திரங்கள்! சில நாள்கள் பிந்தியிருந்தால் அனைத்தும் சாம்பலாகியிருக்கும்.

இச்செய்தியில் மற்றொருவரையும் மறக்கலாகாது. சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன், இராமானுஜன் எழுதிய கடிதங்களையும் அவரை நேரில் அறிந்தோரின் நினைவுகளையும் திரட்டி, 1968-இல் இரண்டு நினைவு மலர்களாக வெளிவரச் செய்தார். இராமானுஜனின் வாழ்க்கையை எழுதப் புகுந்தோர் இன்றும் அம்மலர்களை நாடுகின்றனர். 1993-இல் சென்னை இராயபுரத்தில் தொடங்கப்பெற்ற இராமானுஜன் அருங்காட்சியகத்திலும் அவரது உழைப்பு உண்டு. விலைக்கு விற்கவோ பெட்டிக்குள் பூட்டவோ அன்று, மாணவர் அறியவேண்டும் என்பதற்காகவே அவர் சேர்த்தார். கடிதம் சேர்ப்போருக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டி வேண்டுமோ?

சேர்க்கத் தவறியதால் நேர்ந்த இழப்புக்கும் சான்று உண்டு. அது துறவு மடம் ஒன்றில் நிகழ்ந்தது. மரபியலின் தந்தை எனப் போற்றப்படும் கிரகோர் மெண்டல், பிர்னோ நகர் புனித அகுஸ்தீனார் சபை மடத்தின் குரு. பின்னர் அதன் தலைவருமானார். மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு எந்தக் கணக்கின்படி இறங்குகின்றன என்று கண்டறிந்து 1866-இல் வெளியிட்டார். எவரும் பொருட்படுத்தவில்லை. 1884-ஆம் ஆண்டு மூன்று இராசாக்கள் திருநாளன்று அவர் இறந்தார். அவருடைய ஆய்வுக் காகிதங்கள் பின்னர் மடத்தில் எரிக்கப்பட்டன. தீயிட்டவருக்குத் தீய எண்ணம் இருந்திருக்க வேண்டுவதில்லை. பழைய காகிதம் என்று மட்டுமே நினைத்திருப்பார்!

எனினும் மெண்டல் 1866 முதல் 1873 வரை மியூனிக் நகரத் தாவரவியல் பேராசிரியர் நேகெலிக்கு எழுதிய கடிதங்களுள் பத்து பிழைத்தன. நேகெலி அவற்றின் பெருமையை உணர்ந்தாரில்லை. ஆயினும் அவரது காகிதங்களிடையே அவை அழியாமல் கிடந்தன. 1900-இல் மெண்டலின் பெருமை உலகிற்கு வெளிப்பட்டபின், 1905-இல் கோரன்ஸ் என்னும் அறிஞர் அக்கடிதங்களை அச்சேற்றினார். அந்த எளிய குருவானவர் எப்படி எண்ணினார், எங்கே ஐயுற்றார், எவ்வளவு உழைத்தார் என்பதற்கு அவரே கைப்பட எழுதிய சான்றாக அவை விளங்குகின்றன. எழுதியவர் வீட்டில் அழிந்தது, பெற்றவர் வீட்டில் பிழைத்தது.

சேர்ப்போருக்கு எச்சரிக்கையும் வேண்டும். பிரான்சு நாட்டில் மிஷேல் ஷால் என்னும் புகழ்பெற்ற கணித மேதை, வ்ரேன்-லூக்கா என்பவனிடம் ஏறத்தாழ 27,000 பழங்கடிதங்களை விலைகொடுத்து வாங்கினார். புவியீர்ப்பு விதியை நியூட்டனுக்கு முன்பே பாஸ்கல் கண்டார் என்று காட்டும் கடிதங்களை 1867-இல் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். ஆராய்ந்தபோது அவையனைத்தும் பொய்! அத்தொகுப்பில் மதலேன் மரியாளும் லாசரும் எழுதிய கடிதங்கள்கூட இருந்தன. அவையும் பிரெஞ்சு மொழியிலேயே இருந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1870-இல் அவ்வஞ்சகனுக்கு இரண்டாண்டுச் சிறை கிடைத்தது. கணிதத்தில் கூர்மை மிக்கவரும் ஆசையால் கண் மறைக்கப்பட்டார். புனித சின்னப்பரும் தம் பெயரில் பொய்க் கடிதம் வரக்கூடும் என்று தெசலோனிக்கேயரை எச்சரித்து, முடிவில் தம் கைப்பட வாழ்த்தெழுதி, அதையே தம் கடிதங்களுக்கு அடையாளமாகக் காட்டியதை ஈண்டு நினைவுகூரலாம்.

இவையெல்லாம் தொலைதூரச் செய்திகள் என்று எண்ணற்க. பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கங்களில் வீடு மந்திரிக்கச் செல்லும்போது, முன்னெல்லாம் ஓட்டு வீட்டின் சுவரில் வளைந்த கம்பியொன்று தொங்கும். வந்த கடிதங்கள் யாவும் அதில் கோக்கப்பட்டிருக்கும். பட்டாளத்திற்குச் சென்ற மகன் எழுதியது, பெங்களூரில் வேலை தேடிய தம்பி எழுதியது, கன்னியர் மடம் சேர்ந்த மகள் எழுதியது எல்லாம் அங்கேயே இருக்கும். இன்று ஓட்டு வீடுகள் தளம் போட்ட வீடுகளாகின்றன. கிறிஸ்துமசுக்கு வெள்ளையடிக்கும்போது கம்பி கழற்றப்படுகிறது. கடிதங்கள் அடுப்புக்கோ பழைய பேப்பர் கடைக்கோ போகின்றன. கைப்பேசி வந்தபின் புதிய கடிதமும் பிறப்பதில்லை. வாட்சன் வீட்டுத் தரையில் கிடந்த குவியலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இதில் இராமானுஜனின் தாள் இல்லையென்று எவர் உறுதி கூற வல்லார்? இல்லாவிடினும், ஒரு குடும்பம் பசியையும் பிரிவையும் நம்பிக்கையையும் எப்படித் தாங்கிற்று என்னும் வரலாறு அதில் உண்டு.

ஆகவே சில நடைமுறைகளை மேற்கொள்வது நலம். கடிதங்களைக் கம்பியிலிருந்து மெல்லக் கழற்றித் துருப்பிடித்த குண்டூசிகளை நீக்குங்கள். கிழிந்த இடத்தில் ஒட்டும் நாடாவை ஒட்டாதீர்கள். நாளடைவில் அதன் பசை தாளை மஞ்சளாக்கிவிடும். பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடேற்றி ஒட்டுவதும் கூடாது. பின்பு தாளைப் பிரித்தெடுக்க இயலாது. சுவரில் சட்டமிட்டு மாட்டினால் வெயிலொளி மையை வெளுக்கச் செய்யும். தூய தாள்களுக்கிடையே வைத்து, ஈரமும் கரையானும் அணுகாத பெட்டியில், தரைக்கு உயரே வையுங்கள். யார், யாருக்கு, எந்த ஆண்டு எழுதியது என்பதைப் பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டுத் தனித்தாளில் குறித்து உடன் வையுங்கள். உறையை வீசாதீர்கள், அஞ்சல் முத்திரையில் நாளும் ஊரும் இருக்கும்.

எவர் வீட்டிலேனும் அறிவியலாளர் ஒருவரின் கடிதம் அகப்பட்டால், விலை பேசுமுன் அறிந்தோரைக் கேளுங்கள். பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் இந்திய அறிவியல் வரலாற்றுக்கென்றே ஆவணக் காப்பகம் ஒன்று 2019 முதல் இயங்கி வருகிறது. நம் மாவட்டத்திற்கு அது தொலைவன்று.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். 2015-இல் மறைந்த டாக்டர் அப்துல் கலாம் சென்ற இடமெல்லாம் மாணவரைக் கேள்வி கேட்கத் தூண்டினார் என்பதை நாடறியும். அவருடைய கையொப்பம் உங்கள் வீட்டுப் புத்தகத்தில் இருப்பின், அதன் அருகே அன்று அவர் சொன்னது என்ன, எந்த ஊரில், எந்த நாளில் என்று எழுதி வையுங்கள். அப்போதுதான் அக்கையொப்பம் பேசும். இனி ஓர் அறிவியலாளருக்கு எழுதுவீர்களாயின், "கையொப்பம் தாருங்கள்" என்று கேளாதீர்கள். ஏரி வற்றுவது ஏன், கிணற்று நீர் உவர்ப்பது ஏன் என உங்களை உண்மையாகவே உறுத்தும் ஒரு கேள்வியைத் தெளிவாக எழுதி, உங்கள் முகவரி எழுதித் தபால் தலை ஒட்டிய உறையையும் உடன் அனுப்புங்கள். விடை வந்தால் அது உங்கள் கேள்விக்கென்றே ஒருவர் சிந்தித்து எழுதியதாக இருக்கும். அதன் அடியில் கையொப்பமும் தானாகவே இருக்கும்.

பெற்றோரே, விடுதியில் படிக்கும் உங்கள் பிள்ளைக்கு இத்திங்களில் ஒரு கடிதமேனும் கைப்பட எழுதுங்கள். தோட்டத்து நிலக்கடலையைப் பற்றி எழுதினாலும் போதும். அதைப் பிள்ளை காத்துவைக்கும்.