பழைய யந்திரத்தின் மூலபாடம்

1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் ஹென்றி போட் செய்வித்த 'ரி' மாதிரி மோட்டார் வண்டியின் யந்திரம் 4 சிலிண்டர்களும் 20 குதிரைவலுவும் உடையது. வேகம் விரும்பிய பின்னோர் சிலர் உயர் அமுக்கத் தலைமூடியும் டிஸ்ரிபியூற்றரும் நீர்ப்பம்பும் பூட்டினர். மூன்று தாங்கிகளிற் சுழலும் மெல்லிய கிராங்குத் தண்டு மிகையமுக்கத்தால் முறிதலுங் கூடும்.

ஆதலின் மீட்போர் பழைய தலைமூடியைப் பொருத்துவர். பறப்புச் சில்லின் காந்தங்கள் பிறப்பிக்கும் மின்னை நான்கு கொயில்களுக்கு ஊட்டித் தீப்பொறி பெறுவர். முதல் வந்த சில வண்டிகளையன்றி ஏனையவற்றிற்குப் பம்பு இல்லை. வெந்நீர் தானே மேலெழுந்து ரேடியேற்றரை அடையும், குளிர்நீர் கீழிறங்கும். ரேடியேற்றர் அடைபட்டிருப்பின் நீர் கொதிக்கும். எனவே, பம்பை அகற்றுமுன் அதனைச் சுத்திகரித்தல் வேண்டும்.

ஏட்டின் இடைச்செருகலைக் களைவார் மூலபாடத்தை முன்னறிதல் போல, யந்திரந் திருத்துவாரும் அதனை ஆக்கியோன் கருத்தை முதலில் அறிவாராக.