பங்குனி வெயிலும் ஓராண்டுப் புளியும்

தாராபுரம், மூலனூர் பக்கம் பங்குனி வெயில் ஏறிவிட்டது. ஒரு வருசத்துக்கான புளியை வாங்கி வைக்க இதுவே தோதான சமயம்; மாசி தொடங்கிச் சந்தையில் புதுப்புளி வரத்து இருக்கும்.

ஓடு, நார், கொட்டை நீக்கிய புளியை இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். பிறகு மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ ஒரு கை கல் உப்பு, அதன்மேல் ஓர் அடுக்குப் புளி என மாற்றி மாற்றி அழுத்தி நிரப்பி, வெள்ளைத் துணியால் வேடு கட்டுங்கள். எடுக்கும்போது ஈரக்கை ஆகாது. பித்தளை, அலுமினியப் பாத்திரமும் வேண்டாம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் உலோகத்தை அரிக்கும்.

நாள்பட்ட புளி கறுப்பது இயல்புதான். பூஞ்சையோ கெட்ட வாடையோ இருந்தால் மட்டும் ஒதுக்குங்கள். கொட்டையையும் வீசிவிடாதீர்கள். அதன் பருப்பு மாவு நெசவில் பாவு நூலுக்குக் கஞ்சி போட உதவுவதால், விலைக்கு எடுப்பவர்கள் உண்டு.

முருங்கைக்காய் மலிவாகக் கிடைக்கும் நேரமிது. புதுப்புளி கரைத்து, சின்ன வெங்காயம் தாளித்து ஒரு குழம்பு வையுங்கள். வீட்டில் எல்லோரும் இன்னொரு கரண்டி கேட்பார்கள்!