உதகை வானொலித் தொலைநோக்கியின் கற்றை அளவுத்திருத்தம்

கற்றை அளவுத்திருத்தம் என்பது, ஒரு வானொலித் தொலைநோக்கி வானின் எந்தத் திசையிலிருந்து வரும் அலைகளை எந்த அளவிற்கு ஏற்கிறது என்பதை, ஏற்கனவே அறியப்பட்ட வான்பொருட்களைக் கொண்டு அளந்தறியும் முறையாகும். நீலகிரி மாவட்டத்தில் உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் அமைந்துள்ள உதகை வானொலித் தொலைநோக்கியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறை இங்கு விளக்கப்படுகிறது. கதிரவன், செறிந்த வானொலி மூலங்கள், வானின் பின்னணி ஒளிர்வைக் காட்டும் வான் மாதிரிகள் ஆகிய மூன்றும் இதற்குப் பயன்படுகின்றன. மூன்றில் எதுவும் தனித்துப் போதுமானதன்று.

தொலைநோக்கியின் அமைப்பு

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் சுவரூப் (1929–2020) தலைமையில் வடிவமைக்கப்பட்ட இத்தொலைநோக்கி 1970ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கியது. இது கிண்ண வடிவிலானது அன்று. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பரவளைய உருளை. 24 எஃகுச் சட்டங்களின் மீது நெடுக இழுத்துக் கட்டப்பட்ட 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளே இதன் எதிரொளிப்புப் பரப்பு. ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் அலைநீளம் கொண்ட அலைக்கு, கம்பிகளுக்கு இடையேயுள்ள சிறு இடைவெளி ஒரு பொருட்டன்று. குவியக் கோட்டில் 1,056 இருமுனை அலைவாங்கிகள் வரிசையாக நிறுவப்பட்டுள்ளன. இவை 48 வீதம் 22 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தொலைநோக்கி இயங்கும் மைய அதிர்வெண் 326.5 மெகாஏர்ட்சு.

இடத்தேர்வு இத்தொலைநோக்கியின் தனிச்சிறப்பு. உதகையின் நிலநேர்க்கோடு வடக்கு 11 பாகையை ஒட்டியது. அதே அளவு சாய்வுடன், வடக்கு நோக்கி உயர்ந்து செல்லும் ஒரு மலைச்சரிவு தேடிக் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் மீது அமைக்கப்பட்டதால், உருளையின் நீள அச்சு புவியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஆகவே உருளையைக் கிழக்கிலிருந்து மேற்காக அந்த ஒரே அச்சில் சுழற்றினால் போதும். ஒரு வான்பொருளை ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம் தொடர்ந்து பின்பற்றலாம். வடக்கு–தெற்குத் திசையில் தொலைநோக்கியை அசைப்பதில்லை. இருமுனைகளிலிருந்து வரும் குறிகைகளுக்கு இடையே கட்ட வேறுபாட்டை மின்னணு முறையில் புகுத்தியே பார்வை திருப்பப்படுகிறது.

இவ்வமைப்பினால் ஒரு வசதி கிட்டுகிறது. எல்லா இருமுனைகளையும் எவ்விதக் கட்ட வேறுபாடும் இன்றிக் கூட்டினால், தொலைநோக்கி நோக்குவது வானின் நடுக்கோட்டை, அதாவது நடுவரை விலக்கம் சுழியாக உள்ள திசையை. மார்ச்சு, செப்டம்பர் மாதங்களில் வரும் சம இரவு நாட்களில் கதிரவன் அங்கேயே இருக்கும்.

கற்றை என்றால் என்ன

எந்தத் தொலைநோக்கியும் ஒரே ஒரு புள்ளியை மட்டும் பார்ப்பதில்லை. நடுவில் ஏற்புத்திறன் மிகுந்த முதன்மை மடலும், அதைச் சுற்றி வலுக்குறைந்த பக்க மடல்களும் இருக்கும். இவை அனைத்தும் சேர்ந்ததே கற்றை வடிவம். டார்ச்சு விளக்கின் ஒளியைச் சுவரில் பாய்ச்சும்போது நடுவில் வெளிச்சமும் ஓரங்களில் மங்கிய வளையங்களும் தெரிவதை இதற்கு ஒப்பிடலாம். விளக்கு ஒளியை அனுப்புகிறது, தொலைநோக்கி பெறுகிறது, கணக்கு ஒன்றே.

கற்றையின் அகலம், அலைநீளத்தைத் தொலைநோக்கியின் நீளத்தால் வகுத்தால் கிடைக்கும் அளவை ஒட்டியது. உதகைத் தொலைநோக்கியின் இரு பக்கங்களும் மிகவும் வேறுபட்டிருப்பதால் கற்றையும் கத்திமுனை போல் ஒடுங்கியுள்ளது: கிழக்கு–மேற்கில் ஏறத்தாழ 2.3 பாகை, வடக்கு–தெற்கில் ஏறத்தாழ 5.5 வில்நிமிடம் (ஒரு வில்நிமிடம் என்பது பாகையில் 60இல் ஒரு பங்கு). நடுக்கோட்டிலிருந்து விலகிப் பார்க்கும்போது தொலைநோக்கியின் நீளம் சாய்வாகத் தெரிவதால் வடக்கு–தெற்கு அகலம் கூடும். 60 பாகை விலக்கத்தில் அது இருமடங்காகி 11 வில்நிமிடம் ஆகிவிடும்.

அளவுத்திருத்தத்தின் தேவை

மேற்கூறிய எண்கள் குறைபாடற்ற தொலைநோக்கிக்கு உரியவை. மலை மேல் நிற்கும் தொலைநோக்கியில் கம்பிகள் தொய்கின்றன, இணைப்புகள் பழுதடைகின்றன, பெருக்கிகள் முதுமையடைகின்றன. மார்கழி, தை மாதங்களில் உதகையில் விடியலில் உறைபனி விழும். நண்பகலில் வெயில் காயும். இவ்வெப்ப வேறுபாட்டால் ஒரு வடத்தின் மின் நீளம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் அதில் வரும் குறிகையின் கட்டம் ஏறத்தாழ 4 பாகை மாறிவிடும். 22 தொகுதிகளும் வெவ்வேறு அளவில் மாறினால் முதன்மை மடல் தாழ்ந்து, அந்த ஆற்றல் பக்க மடல்களுக்குச் சென்றுவிடும்.

இதன் விளைவு அறிவியல் முடிவுகளில் தெரியும். உதகைத் தொலைநோக்கியின் முதற்பெரும் பணி, நிலவு வானொலி மூலங்களை மறைக்கும் நிகழ்வுகளைப் பதிவு செய்வது. மூலம் மறையும்போது குறிகை குறையும் விதத்திலிருந்து அதன் கோண அளவைச் சில வில்நொடிகள் வரை துல்லியமாகக் கணிக்கலாம். இவ்வாறு பல நூறு மூலங்கள் அளக்கப்பட்டன. மங்கிய மூலங்களின் கோண அளவு எவ்வாறு குறைகிறது என்பதைக் கொண்டு, அண்டம் காலப்போக்கில் மாறிவந்துள்ளது என்ற கருத்துக்குச் சான்று தரும் ஆய்வுகளைச் சுவரூப்பும் விஜய் கபாகியும் 1975இல் வெளியிட்டனர். மாறா நிலை அண்டக் கொள்கைக்கு இது எதிரானது. இங்கு கோண அளவைக் கற்றை கெடுப்பதில்லை. ஆனால் "மங்கிய மூலம்" எது என்று சொல்வதற்கு அதன் பாய அடர்த்தி தேவை. அது தொலைநோக்கியின் ஏற்புத்திறனைச் சார்ந்தது. அளவுகோல் பிழையானால், மூலங்கள் வரைபடத்தில் தவறான இடத்திற்கு நகர்ந்துவிடும்.

கதிரவன் ஓர் அளவுகோலாக

326.5 மெகாஏர்ட்சில் நாம் பெறுவது கதிரவனின் கண்ணுக்குத் தெரியும் பரப்பிலிருந்து அன்று, அதன் ஒளிவட்டத்திலிருந்து வரும் கதிர்வீச்சே. ஆகவே அதன் ஒளிர்வு வெப்பநிலை பல லட்சம் கெல்வின். வட்டின் விட்டமும் கண்ணால் காணும் 32 வில்நிமிடத்தைவிடச் சற்றுப் பெரிது. அமைதியான நாட்களில் அதன் பாய அடர்த்தி ஒரு லட்சம் யான்ஸ்கியைத் தாண்டும். மறைப்பு முறையில் ஆராயப்பட்ட மூலங்கள் பல ஒருசில யான்ஸ்கி அளவினவே என்பதை ஒப்புநோக்குக.

கிழக்கு–மேற்குக் கற்றையை அளக்கக் கதிரவன் மிகவும் ஏற்றது. தொலைநோக்கியைக் கதிரவனுக்குச் சற்று மேற்கே நிறுத்தி அசையாமல் வைத்துவிட்டால், புவியின் சுழற்சியால் கதிரவன் தானே கற்றையைக் கடந்து செல்லும். மணிக்கு 15 பாகை வீதம் 2.3 பாகையைக் கடக்க ஏறத்தாழ 9 நிமிடங்கள் ஆகும். பதிவாகும் வளைகோடே கற்றையின் குறுக்குவெட்டு. கதிரவன் புள்ளியன்று என்பதால் வளைகோடு சற்று அகன்று தெரியும். எனினும் இத்திசையில் அப்பிழை ஒரு விழுக்காட்டு அளவிலேயே இருப்பதால் எளிதில் கழித்துவிடலாம். குறிகை வலுவானது என்பதால், வேறு மூலங்களைக் கொண்டு காண முடியாத தொலைதூரப் பக்க மடல்களையும் இதனால் காணலாம்.

வடக்கு–தெற்கில் நிலைமை தலைகீழாகிறது. கற்றை 5.5 வில்நிமிடம், கதிரவனோ அதைப்போல ஆறு மடங்கு. கதிரவனைக் கொண்டு இக்கற்றையை அளப்பது, பூசணிக்காயைக் கொண்டு ஊசியின் காதை அளப்பது போன்றது. கிடைப்பது கற்றையின் வடிவம் அன்று, கதிரவனின் வடிவமே. நிலவின் முழு வட்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பதற்காக இத்தொலைநோக்கியில் 3 வில்நிமிட இடைவெளியில் 12 கற்றைகள் அமைக்கப்பட்டன. அவை ஏறக்குறையக் கதிரவனின் வட்டையும் மூடும்.

ஆனால் முழுத் தொலைநோக்கியை விட்டு, ஒரு தொகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் கதிரவன் மீண்டும் உதவும். 48 இருமுனைகள் கொண்ட ஒரு தொகுதியின் நீளம் ஏறத்தாழ 23 மீட்டர்; அதன் வடக்கு–தெற்குக் கற்றையும் 2 பாகைக்கு மேற்பட்டது. அதற்குக் கதிரவன் சிறியதே. எனவே தொகுதிகளின் ஏற்புத்திறனை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பழுதுற்றதைக் கண்டறியலாம். அடுத்தடுத்த தொகுதிகளின் குறிகைகளைப் பெருக்கிக் குறுக்கீட்டு அளவியாகப் பயன்படுத்தி அவற்றுக்கிடையேயான கட்ட வேறுபாட்டையும் காணலாம். இரு தொகுதிகளுக்கு இடையே தொலைவு கூடக்கூடக் கதிரவனின் குறுக்கீட்டுக் குறிகை குறைந்துகொண்டே வந்து, ஏறத்தாழ 115 மீட்டரில் முற்றிலும் மறையும். அதற்கப்பால் சிறிதே மீளும். கட்டத்தை நம்பியளக்க அது போதாது.

கதிரவனின் குறைகள்

முதலாவது, அளவுக்கு மிஞ்சிய வலு. முழுத் தொலைநோக்கியும் கதிரவனை நோக்கும்போது பெறும் ஆற்றல், பெறுவியின் சொந்த இரைச்சலைப்போல் பல நூறு மடங்கு. பெருக்கிகள் செறிவடைந்து நேர்விகிதத்தில் இயங்காமல் போனால், வளைகோட்டின் உச்சி தட்டையாகி, கற்றை இருப்பதைவிட அகலமாகத் தோன்றும். குறிகையை அறிந்த அளவில் மெலிவித்தே அளக்க வேண்டும்.

இரண்டாவது, மாறும் தன்மை. மீட்டர் அலைநீளங்களில் கரும்புள்ளிக் குழுக்களின் மேல் எழும் இரைச்சல் புயல்கள், கதிரவனின் பாய அடர்த்தியைச் சில மணி நேரத்தில் பன்மடங்காக்கக் கூடும். அந்நாளில் கதிரவனை அளவுகோலாகக் கொள்வது நீளம் மாறும் முழக்கோலால் துணி அளப்பதற்கு ஒப்பாகும். 11 ஆண்டுச் சுழற்சியின் தாழ்நிலை ஆண்டுகளே இதற்கு உகந்தவை. மூன்றாவது, கதிரவன் நடுக்கோட்டிலிருந்து 23.4 பாகைக்கு அப்பால் செல்வதே இல்லை.

அளவுகோலாக இல்லாதபோது கதிரவன் ஓர் இடையூறும் ஆகும். கோளிடைச் சிமிட்டல் ஆய்வு உதகையில் நெடுங்காலமாக நடைபெற்று வருவது. கதிரவக் காற்றின் ஊடாக வரும்போது செறிந்த மூலங்கள் சிமிட்டுவதைக் கொண்டு அக்காற்றின் வேகத்தையும் அடர்த்தி ஏற்றத்தாழ்வையும் இதில் கணிக்கின்றனர். புவியை நோக்கி வரும் பிழம்பு வீச்சுகளைத் தொடர இது உதவுகிறது. இதற்குக் கதிரவனுக்கு அருகேயுள்ள திசைகளைப் பார்த்தே ஆகவேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கே ஏற்கும் பக்க மடலில் கதிரவன் விழுந்தாலும் நூறு யான்ஸ்கிக்கு மேல் உள்ளே வரும். கதிரவனின் ஒரு சிறு வெடிப்பைச் சிமிட்டல் என்று கொள்ளாதிருக்க, அம்மடல்கள் எங்கு உள்ளன என்பது தெரிந்திருக்க வேண்டும்.

செறிந்த மூலங்களும் வான் மாதிரியும்

வடக்கு–தெற்குக் கற்றைக்கும் தொலைவிலுள்ள தொகுதிகளின் கட்டத்திற்கும் கற்றையைவிட மிகச்சிறிய மூலங்கள் தேவை. மூன்றாம் கேம்பிரிட்சு அட்டவணையிலுள்ள மூலங்கள் பல இதற்குப் பொருந்தும். 40 பாகை வடக்கே உள்ள சிக்னசு-ஏ வலுவானது, சுமார் 2 வில்நிமிட நீளமே உடையது. கதிரவன் எட்டாத விலக்கங்களில் இத்தகையவையே துணை.

இம்மூலங்களைச் சுற்றியுள்ள வான் இருளாக இல்லை. பால்வழியின் காந்தப்புலத்தில் சுழலும் எதிர்மின்னிகள் வான் முழுவதும் ஒளிர்வைப் பரப்புகின்றன. இதற்கான மிகப் பரவலான மாதிரி, ஆசுலமும் பிறரும் 1982இல் வெளியிட்ட 408 மெகாஏர்ட்சு முழுவான் வரைபடம். அதிர்வெண் குறையும்போது ஒளிர்வு வெப்பநிலை ஏறத்தாழ 2.55 என்ற அடுக்கில் உயர்கிறது. எனவே 408இல் 20 கெல்வின் உள்ள குளிர்ந்த பகுதி, 326.5இல் சுமார் 35 கெல்வினாக இருக்கும்.

முறை எளியது. தொலைநோக்கியை ஒரு திசையில் நிறுத்தி, வான் கடந்து செல்லும்போது ஆற்றலைப் பதிவு செய்கின்றனர். கருதப்படும் கற்றை வடிவத்தால் வான் மாதிரியைப் பெருக்கிக் கூட்டி, பதிவு எவ்வாறு இருக்க வேண்டும் என்று கணிக்கின்றனர். இரண்டும் பொருந்தும் வரை கற்றையின் அளவுகளைத் திருத்துகின்றனர். பால்வழியின் தளம் கடக்கும்போது எழும் ஏற்றம் தொலைநோக்கியின் ஒட்டுமொத்த ஏற்புத்திறனையும், குளிர்ந்த பகுதி பெறுவியின் இரைச்சலையும் தருகின்றன. இதில் ஓர் எச்சரிக்கை தேவை: மாதிரியில் பிழை இருந்தால், அப்பிழை கற்றையின் குறையாக வேடமிட்டு வரும். ஆகவே ஒரே விலக்கத்தை நம்பாமல் பல விலக்கங்களில் செய்வதே நன்று.

மிகைமை வழி அளவுத்திருத்தம்

உதகை அகன்ற புல அணி என்ற மேம்பாட்டுத் திட்டத்தில், 1,056 இருமுனைகளும் நான்கு நான்காகச் சேர்த்து 264 தனி அலைவாங்கிகளாகக் கொள்ளப்படுகின்றன. 1,420 மெகாஏர்ட்சில் ஐதரசன் உமிழ்ந்த அலை, அண்ட விரிவால் நீண்டு 326.5 மெகாஏர்ட்சில் வந்தடைந்தால், அது புறப்பட்டு ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும். அக்குறிகையைத் தேடுவது இத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. பால்வழியின் ஒளிர்வு அதைவிடப் பன்மடங்கு வலிது என்பதால், சிறு அளவுத்திருத்தப் பிழையும் அதை மூழ்கடித்துவிடும்.

264 அலைவாங்கிகளிலிருந்து 34,716 இணைகள் கிடைக்கும். அவை சம இடைவெளியில் ஒரே கோட்டில் இருப்பதால் வெவ்வேறான தொலைவுகள் 263 மட்டுமே. ஒரே தொலைவிலுள்ள இணைகள் அனைத்தும் வானின் ஒரே கூற்றையே அளக்க வேண்டும். வேறுபட்டால் குறை கருவியினுடையது. வான் எப்படி இருக்கிறது என்றே தெரியாமல் ஒவ்வொரு அலைவாங்கியின் வீச்சையும் கட்டத்தையும் இதனால் தீர்க்கலாம். இதற்கான நேரிலா முறை ஒன்றை விசுவேசுவர் ராம் மார்த்தியும் செயராம் செங்கலூரும் 2014இல் முன்வைத்தனர்.

எனினும் இரண்டு அளவுகளை இம்முறை தராது. எல்லா அலைவாங்கிகளின் ஏற்புத்திறனும் ஒருசேர இருமடங்கானால் இணைகளின் ஒப்பீட்டில் அது தெரியாது. கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கட்டம் சீராகச் சாய்ந்திருந்தால், வானே சற்று வடக்கிலோ தெற்கிலோ நகர்ந்ததுபோல் தோன்றும், அதுவும் தெரியாது. முன்னதற்குப் பாய அடர்த்தி அறிந்த மூலமும், பின்னதற்கு இருப்பிடம் அறிந்த மூலமும் தேவைப்படுகின்றன.