உம் கொட்ட ஒருவர்

எங்கள் பக்கத்துக் கிராமங்களில், இரவுச் சாப்பாடு முடிந்து பாட்டியைச் சுற்றிப் பேரக் குழந்தைகள் படுத்துக்கொண்ட பின், கதை தொடங்குமுன் ஒரு நிபந்தனை விதிக்கப்படுவது வழக்கம். கேட்பவர்களில் ஒருவராவது விடாமல் 'உம்' கொட்டிக்கொண்டு வரவேண்டும், அந்த 'உம்' நின்றால் கதையும் நின்றுவிடும். குழந்தைகள் தூங்கிவிட்டனவா என்று அறியப் பாட்டி கையாண்ட உபாயம் என்றே வெகுகாலம் நான் எண்ணியிருந்தேன். வில்லுப்பாட்டில் புலவர் ஒன்றைச் சொல்ல, பக்கத்திலிருப்பவர் 'ஆமா' என்று ஏற்றுக்கொண்ட பிறகே கதை அடுத்த அடி எடுத்துவைப்பதைப் பிற்காலத்தில் கவனித்தபோதுதான், கதையில் கேட்பவருக்கும் சரிபாதி பாத்தியதை உண்டு என்பது எனக்கு விளங்கிற்று.

கதை என்றால் ராஜாவும் ராணியும் வந்தாக வேண்டும் என்பதில்லை. பால்காரர் தம் மாடு காணாமற்போய்த் திரும்பி வந்த விருத்தாந்தத்தைச் சொல்வதும், வேலை முடிந்து வரும் மகள் பேருந்தில் நடந்த சச்சரவைச் சொல்வதும் கதைகளே. நேர்ந்தவற்றை முன்பின்னாக அடுக்கி இன்னொருவரிடம் சொல்லும்போதுதான், தனக்கு நேர்ந்தது இன்னதென்று சொல்பவருக்கே பல சமயங்களில் புலனாகிறது. சொல்ல வழியில்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் வழங்கும் நாட்டுப்புறக் கதை ஒன்று உண்டு, ஏ.கே. ராமானுஜன் 1991-இல் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுதியிலும் அது இடம்பெற்றிருக்கிறது. இரண்டு பிள்ளைகளும் இரண்டு மருமகள்களும் ஓயாமல் ஏச, அதை யாரிடமும் சொல்ல வகையற்ற விதவைத் தாய் ஒருத்தி, துக்கத்தையெல்லாம் உள்ளேயே அடக்கி அடக்கித் தேகம் பருத்துப் போனாள். அதற்கும் ஏச்சே கிடைத்தது. ஒருநாள் ஊருக்கு வெளியே கூரையிழந்து நின்ற பாழ்வீட்டுக்குள் புகுந்து, ஒவ்வொரு சுவரிடமும் ஒவ்வொருவரைப் பற்றிய குறையைச் சொல்லி அழ, பாரம் தாங்காமல் நான்கு சுவர்களும் ஒன்றன்பின் ஒன்றாக இடிந்து விழுந்தன. அவள் உடலும் மனமும் இளைத்து லேசாகி வீடு திரும்பினாள். அந்தச் சுவர்கள் அவளுக்குப் புத்தி சொல்லவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அவள் சொன்னதன் கனத்தை ஏற்றுக்கொண்டன, அவ்வளவே.

கதையில் சுவர்கள் செய்ததை லண்டன் மாநகரில் மனிதர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். 1953-இல் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தால் தவிப்பவர்களுக்காகத் தம்முடைய தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு உதவத் தொடங்கினார். நேரில் வந்து காத்திருப்போருக்குத் துணையாகச் சில தொண்டர்கள் அமர்ந்து தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தனர். அந்தச் சாமானியர்களிடம் மனம்விட்டுப் பேசிய பலருக்கு, அதன்பின் பாதிரியாரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமற்போயிற்று. காத்திருக்கும் இடத்திலேயே காரியம் முடிந்துவிடுவதைக் கண்ட அவர், 1954-இல் அந்தப் பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அதுவே 'சமாரிட்டன்ஸ்' என்று பெயர் பெற்ற இயக்கம். நம் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய 'ஸ்நேகா' அமைப்பிலும், பயிற்சி பெற்ற தொண்டர்கள் செய்யும் பிரதான கைங்கரியம், தீர்ப்புச் சொல்லாமல் செவி கொடுப்பதுதான்.

இவ்வளவும் படித்தறிந்த நான் சொந்த வீட்டில் தவறினேன். ஒருநாள் என் தாயார் பரணிலிருந்து ஒரு பக்கம் நசுங்கிய பித்தளைத் தவலை ஒன்றை இறக்கச் சொல்லி, அதைத் தடவிக்கொண்டே, "இந்தத் தவலை இருக்கிறதே..." என்று ஆரம்பித்தார். "தட்டி நிமிர்த்தினாலும் நிற்காது அம்மா, பாத்திரக்கடையில் போட்டுவிட்டு வேறு வாங்கித் தருகிறேன்" என்றேன். "சரிப்பா" என்று எழுந்து போய்விட்டார். அந்த 'சரிப்பா' நாலைந்து நாள் என்னை உறுத்தவே, "அது எப்படி அம்மா நசுங்கிற்று?" என்று கேட்டேன். கிணறு வற்றிய ஒரு கோடையில், விடியுமுன் ஏரிக்கரைக்குப் போய்த் தண்ணீர் சுமந்து வருகையில் புது மருமகளான அவர் வழுக்கி விழுந்ததையும், அதுவரை ஒரு நல்ல வார்த்தை பேசியிராத மாமியார், மாமனார் கண்ணில் படாதபடி நசுங்கிய பக்கத்தைச் சுவர்ப்புறமாகத் திருப்பி வைத்ததையும், ஒரு மணி நேரம் சொன்னார். நான் பிறப்பதற்கு முன்னே இறந்துபோன என் பாட்டியை அன்றுதான் நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் செய்யும் பிழை இதுதான்: அனுபவத்தைச் சொல்ல வருகிறவரிடம் பரிகாரத்தை நீட்டுகிறோம், இல்லாவிட்டால், "இதென்ன பிரமாதம், எனக்கு நடந்ததைக் கேளுங்கள்" என்று அவர் கதையைத் தள்ளிவிட்டு நம் கதையை உட்கார வைக்கிறோம். தமிழில் செவிமடுப்பதற்கும் வினவுவதற்கும் 'கேட்டல்' என்று ஒரே சொல் இருப்பது சிந்திக்கத் தக்கது. "பிறகு?", "அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்ற சிறு வினாக்கள், சொல்பவரின் பாதையிலேயே அவரை இன்னும் கொஞ்ச தூரம் அழைத்துச் செல்பவை, அறிவுரை வேண்டுமானால் அவரே கேட்பார். சொல்பவருக்கும் ஒரு கடமை உண்டு: "ரொம்பக் கஷ்டப்பட்டேன்" என்று பொதுவாகச் சொல்லாமல், தவலையின் நசுங்கலைப்போல் கண்ணுக்குத் தெரியும் ஒன்றைக் காட்ட வேண்டும், கேட்பவரின் முகத்தில் களைப்புத் தெரிந்தால் நிறுத்தவும் அறிந்திருக்க வேண்டும்.

திருவள்ளுவர் 'கேள்வி' என்ற 42-ஆம் அதிகாரத்தை 'அறிவுடைமை'க்கு முன்னால் வைத்திருக்கிறார். அவர் அங்கே வற்புறுத்துவது பெரும்பாலும் கற்றறிந்தோர் சொல்லைக் கேட்பதை. நாம் அதைக் கல்லாத பாட்டியின் சொல்லுக்கும், அயர்ந்து வரும் மகளின் சொல்லுக்கும் விரித்துக்கொள்வதில் தவறொன்றுமில்லை. இன்றிரவு உங்கள் வீட்டில் யாரேனும் "ஒரு விஷயம் தெரியுமா?" என்று தொடங்கினால், கையிலுள்ள செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, 'உம்' என்று மட்டும் சொல்லுங்கள்.