மீண்டும் பூஜ்யத்திலிருந்து!

போன வருஷம் நம்ம இசைக்குழுப் பாடகன் படிப்பை நிறுத்தியதும் டிரம்ஸை மூடி வைத்தவன் நான். திறக்க வைத்தது ஓர் ஆல்பம்.

கனத்த கிடார் இசைமேல் தாளத்தோடு வேகமாகப் பேசுவதே ராப்-மெட்டல். அமெரிக்காவின் லிங்கின் பார்க் குழுவில் ராப்புக்கு மைக் ஷினோடா. பாட்டுக்கும் அலறலுக்கும் செஸ்டர் பென்னிங்டன். 2017 ஜூலையில் செஸ்டர் மறைந்தார். பின்னர் டிரம்மர் ராப் போர்டனும் விலகினார். அவ்வளவுதான் என்றிருந்தேன்.

2024 நவம்பரில் வந்தது 'ஃப்ரம் ஜீரோ'. பாட எமிலி ஆம்ஸ்ட்ராங் என்ற பெண். டிரம்ஸுக்குக் காலின் பிரிட்டன். தலைப்புக்கு அர்த்தம் இரண்டு: குழுவின் ஆரம்பப் பெயரே 'ஜீரோ', இப்போதும் பூஜ்யத்திலிருந்துதான் தொடக்கம். ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் எமிலி செஸ்டரின் நகல் இல்லை; அதுதான் செஸ்டருக்கு மரியாதைன்னு எனக்குப் பட்டது.

டிரம்ஸ் தயார். பாட வாங்க. அவனை மாதிரி வேண்டாம். உங்க குரலே போதும்!