அரக்கரை வென்ற சூழ்ச்சி



முன்னொரு திருவிழாவில் பத்மாசுரன் வரலாற்றை யாம் விரித்துரைத்து முடித்தபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டியார் ஒருவர் எழுந்து வந்து ஒரு வினா விடுத்தார். "பொய் சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் பேரனை வளர்க்கிறேன். அசுரனை ஏமாற்றி அழித்த கதையை அவனுக்கு எப்படிச் சொல்வது?" என்றார். அன்று இரண்டொரு சொற்களில் விடை கூறி அமைந்தோம். அவ்விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. ஆதலின் அதனை இங்கே சற்று விரித்து ஆராயப் புகுகின்றோம்.

பத்மாசுரன் வரம் பெற்ற கதை அனைவரும் அறிந்ததே. தான் எவர் தலைமேல் கை வைப்பினும் அவர் சாம்பலாதல் வேண்டும் என்று கேட்டான்; பெற்றான்; தந்தவர் தலையிலேயே அதனைச் சோதிக்க விரைந்தான். திருமால் மோகினியாய் வந்து ஆடினார். அவ்வாட்டத்தைப் பின்பற்றி ஆடிய அசுரன் தன் தலைமேல் தானே கை வைத்து நீறானான். பாகவதத்தில் இவன் பெயர் விருகாசுரன். அங்கே திருமால் பிரமசாரி வடிவில் வந்து, வரம் மெய்தானா என ஐயுறச் செய்கிறார். இறைவன் ஓடினான் என்ற பகுதியைக் கேட்டுச் சைவ அன்பர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. தகுதி பாராது வேண்டியதை வேண்டியவாறே ஈந்த கருணையின் பெருக்கத்தையே யாம் அதிற் காண்கின்றோம்.

இத்தகைய கதை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1697-ல் பிரெஞ்சு நாட்டில் பெரோ என்பார் வெளியிட்ட கதை நூலில் பூனையொன்று ஓர் அரக்கனை வெல்கிறது. அரக்கன் வேண்டிய உருவெல்லாம் எடுக்க வல்லவன். சிங்கமாகிக் காட்டுகிறான். "பெரிய உருவம் சரி, எலியாகச் சிறுத்தல் உம்மால் ஆகுமோ?" என்று பூனை ஐயுறுகிறது. அவன் எலியானான், பூனை விழுங்கிற்று. அரபுக் கதையில் செம்படவன் வலையிற் கிடைத்த குடத்தினின்று வெளிப்பட்ட பூதம் அவனையே கொல்லத் துணிய, "இவ்வளவு பெரிய உடல் இக்குடத்தில் இருந்ததென்பதை நம்பேன்" என்கிறான் அவன். பூதம் உள்ளே புகுந்து காட்டிற்று, மூடி விழுந்தது. ஸ்டித் தாம்சன் என்னும் அமெரிக்க அறிஞர் 1932 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட நாட்டுக்கதைக் கூறுகளின் அட்டவணையில் அரக்கர்க்கென ஒரு பெரும் பிரிவே உண்டு.

இக்கதைகளில் அரக்கனைக் கொன்றது எது? வரம் அவனுடையது, உருமாறும் ஆற்றல் அவனுடையது. வென்றவன் கொணர்ந்தது ஐயம் ஒன்றே. "என்னால் ஆகாததும் உண்டோ?" என்று பொங்கும் ஆணவம் மற்றதைச் செய்து முடிக்கிறது.

இனி, கிரேக்கர் கதையொன்றைக் காண்போம். ஹோமர் பாடிய ஒடிசியில், ஒடீசியஸ் தன் துணைவரோடு பாலிபீமஸ் என்னும் ஒற்றைக்கண் அரக்கனின் குகையிற் சிக்குகிறான். அரக்கன் வேளைக்கு இருவராக அறுவரை உண்கிறான். உறங்கும்போது அவனைக் கொன்றுவிடலாம். ஆனால் வாயிலை அடைத்த பெரும் பாறையை நகர்த்த அவன் ஒருவனாலேயே ஆகும். ஆகவே மதுவை ஊட்டி, பெயர் கேட்டவனுக்கு "யாருமில்லை என்பது என் பெயர்" என்றுரைத்து, பழுக்கக் காய்ச்சிய ஒலிவக் கழியால் அவன் கண்ணைக் குத்துகிறார்கள். அலறல் கேட்டு ஓடிவந்த அயல் அரக்கரிடம் "யாருமில்லை என்னைக் கொல்கிறான்" என்கிறான் அவன். அவர்கள் திரும்பிப் போயினர். பொழுது புலர்ந்ததும் ஆடுகளை மேய்ச்சலுக்கு விட அவனே பாறையைத் தள்ளினான். ஆட்டுக்கடாக்களின் வயிற்றடியில் தொங்கி எஞ்சியோர் வெளியேறினர். இதனை ஒத்த கதைகள் பல நாடுகளில் வழங்குதலை ஜெர்மன் அறிஞர் வில்லெம் கிரிம் 1857-லேயே தொகுத்துக் காட்டினார்.

ஆயினும் எம் நெஞ்சை நிறுத்துவது அடுத்து வரும் நிகழ்ச்சியே. "யாருமில்லை" என்று தன்னை மறைத்துப் பிழைத்த அவன், படகு கரையைக் கடந்ததும் பொறுக்க மாட்டானாய், துணைவர் தடுத்தும் கேளாது, "உன் கண்ணைப் போக்கியவன் ஒடீசியஸ்!" என்று ஊரும் பேரும் கூவினான். பெயர் தெரிந்த பின்பன்றோ சபிக்க இயலும்? அரக்கன் தன் தந்தையாகிய கடல் தெய்வத்தை வேண்டினான். துணைவர் அனைவரையும் இழந்து, ட்ராய்ப் போர் முடிந்த பத்தாம் ஆண்டிலே தன்னந்தனியனாய் வீடு சேர்ந்தான் ஒடீசியஸ். "நான்" என்னும் அச்செருக்கு அரக்கனோடு குகையிலே தங்கிவிடவில்லை. படகில் ஏறி உடன் வந்தது.

அன்றியும், சூழ்ச்சி நல்லவர்க்கே கைகொடுக்கும் என்ற உறுதியும் இல்லை. பழையனூர் நீலியை எண்ணிப் பாருங்கள். வணிகன் கையிலிருந்த வாளுக்கு அஞ்சிய பேய், அவன் மனைவியாய் வடிவெடுத்து, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, வேளாளர் எழுபதின்மர் அவையில் முறையிட்டது. குழந்தை அவனை அப்பா என்றழைத்தது. அவையோர் இரங்கினர், தம் உயிரைப் பிணையாக வைத்து அவன் வாளை வாங்கிக்கொண்டனர். அன்றிரவே அவன் மாண்டான். இங்கே பேய்க்குக் கருவியானது ஆணவமன்று, சான்றோரின் இரக்கம். எழுபதின்மரும் சொன்ன சொற்படி தீப்புகுந்தனர். திருஞானசம்பந்தப் பெருமான் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதனைக் குறித்தருளினார் என்றால் அதன் பெருமையை நாம் உரைக்கவும் வேண்டுமோ!

அந்த மூதாட்டியாரை மீண்டும் காண நேரின் யாம் கூறக் கருதியது இதுவே. பத்மாசுரன் கதையைப் பேரனுக்குத் தயங்காது சொல்லுங்கள் அம்மா. மறுநாள் இரவே நீலி கதையையும் சொல்லுங்கள். ஒற்றைக்கண் அரக்கன் கதையைச் சொல்வதானால் குகை வாயிலோடு நிறுத்திவிடாமல், படகிலிருந்து கூவிய இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.